மாமனார் போட்ட முடிச்சு

போன வாரம் மகன் செய்த காரியம் நினைவிருக்கிறதா? ஜன்னல் கம்பியில் அப்பா முடிந்து வைத்திருந்த நூல் திரையைப் போட்டோ எடுத்து, பிசியோதெரபி டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிட்டான். அந்த அம்மாளும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரா முடிச்சுப் போடுற கைன்னா தாராளமா வேலையை ஆரம்பிக்கலாம்" என்று பதில் போட்டுவிட்டார். வீடே குதித்தது. மருமகள் மட்டும் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

ஏன் என்று நமக்குத் தெரியும். அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மாமனார் முடி திருத்துபவர். கடைத்தெரு முனையில் இரண்டு நாற்காலி போட்ட சலூன். ஒரு நாற்காலி அவருடையது, இன்னொன்று அவருடைய தம்பியுடையது. பக்கவாதம் வந்து வலது கையைச் சாய்த்துவிட்டுப் போனபோது, டாக்டரம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். "நான் என்ன தொட்டில் குழந்தையா?" என்று அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார் மனிதர்.

மருமகள் நூல் கடையில் காலை வேலை பார்ப்பவள். அவளுக்குக் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் உட்கார்ந்தால் ஊசியும் நூலும் வெளியே வரும். டிவி முன்னால் உட்கார்ந்தால் கயிறும் கம்பும் வரும். சாவிக்கொத்து முதல் செடித்தொட்டி வரை அந்த வீட்டில் தொங்குகிற எல்லாமே அவள் முடிந்ததில்தான் தொங்கின. "பந்து வேண்டாம்னா இதையாவது பண்ணிப் பாருங்க மாமா" என்று ஒரு கம்பையும் பருத்தி நூல்கயிற்றையும் அவர் மடியில் போட்டாள். திட்டிக்கொண்டேதான் ஆரம்பித்தார்.

அந்த முடிச்சில் ஒரு கணக்கு உண்டு. இரண்டு இழை நடுவில் நிற்கும். ஓரத்து இழைகள் இரண்டும் அவற்றைச் சுற்றி, ஒரு தடவை வலதிலிருந்து, ஒரு தடவை இடதிலிருந்து, மாறி மாறி வரவேண்டும். பக்கம் மாறாமல் போட்டால் பின்னல் முறுக்கிக்கொண்டு போய்விடும். மாமனாருடையது முறுக்கிக்கொண்டு போனது. பாதி முடிச்சு இறுகவே இல்லை. ஒரு மதியம் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, கோணலைக் கண்டால் பொறுக்காத இந்த மகராசி ஒரே ஒரு வரிசையை அவிழ்த்து நேராகப் போட்டு வைத்தாள். எழுந்து பார்த்த மாமனார் சிரித்தார். நோய் வந்தபிறகு அவர் சிரித்தது அன்றுதான். அன்றைக்குச் சாப்பாட்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்புறம் எப்படி நிறுத்துவாள்? தினமும் காலையில் அவர் போடுவார். மதியம் அவர் தூங்கியதும் இவள் அவிழ்த்துப் போடுவாள். "காலையில கோணலா இருந்த மாதிரி இருந்துச்சேம்மா?" என்று அவர் ஒருநாள் சந்தேகப்பட்டபோது, "கொஞ்ச நேரம் தொங்கவிட்டா நூல் தானாப் படிஞ்சு நேராயிடும் மாமா" என்று ஒரு புளுகு வேறு. அதை அவர் நம்பினார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொன்னார்.

இன்று அவர் மறுபடி கத்தியைப் பிடிக்கிற நாள்.

*

"சட்டை எப்படிம்மா இருக்கு?"

மாமனார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கூடத்தில் நின்றார். பித்தான்களை அவரே போட்டிருந்தார். ஒன்று ஓட்டை மாறி ஏறியிருந்தது. மருமகளின் கை அனிச்சையாக நீண்டது. அதைப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"நல்லா இருக்கு மாமா."

"நீ எதைத்தான் நல்லா இல்லைன்னு சொல்லியிருக்கே?" என்று சிரித்தார் அவர். ஜன்னலருகே போய், தன் திரையைக் கழற்றிச் சுருட்டினார். வாசல் அகலத்துக்கு வளர்ந்திருந்தது அது. கடையின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற வழியில் அதைத்தான் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. "வர்றவங்க கேக்கட்டும், இது யார் போட்டதுன்னு. நான் கத்தியைக் காட்டிச் சொல்றேன், இந்தக் கைதான்னு."

மருமகள் ஓரடி முன்னால் வந்தாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு..."

"அப்புறம் சொல்லும்மா. தாடிக்காரர் கடை வாசல்ல நின்னுக்கிட்டிருப்பாரு."

தாடிக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வேறொருவன் கத்தி என் முகத்தில் படக்கூடாது என்று மாமனார் படுத்த நாளிலிருந்து சவரமே செய்துகொள்ளாமல், தாடி நெஞ்சைத் தொட நடமாடிக்கொண்டிருப்பவர். நட்பு என்றால் அப்படி ஒரு நட்பு. அவருடைய மனைவி மாமனாரின் உடல்நலத்துக்காக வேண்டிக்கொண்டதற்குப் பாதிக் காரணம் அந்தத் தாடி.

மருமகள் மாடிப்படியில் தன் கணவனைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னங்க, இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே."

"எதுக்கு?"

"கத்தி விஷயம். தலைமுடி வெட்டுறதுல ஆரம்பிக்கலாமே? எடுத்த எடுப்புல சவரம் எதுக்கு?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவன், பயம் என்பதைப் பற்றி அவனிடம் பேசவே முடியாது. "அதுக்குத்தான் முதல்ல நான் உக்காரப்போறேன். வெட்டினாலும் பெத்த புள்ளையைத்தானே வெட்டப்போறாரு?" என்று கண்ணடித்தான். பிறகு குரல் இறங்கியது. "எங்கப்பா செத்த மாதிரிக் கிடந்தாரு. நீதான் அவர் கையில நூலைக் கொடுத்து எழுப்பி உக்காரவெச்சே. இதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்."

இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? சொல்லியிருக்கலாம். அவன் இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போய்விட்டான்.

*

சலூனில் பவுடர் வாசனை. அண்ணனைக் கண்டதும் தம்பி, அதாவது மகனின் சித்தப்பா, நாற்காலியின் மேல் போர்த்தியிருந்த துணியை ஒரு வீச்சில் உருவினார்.

"பாத்துக்க அண்ணே. உன் நாற்காலியில ஒருத்தரை உக்காரவிட்டதில்ல. நான் உக்காந்து டீ குடிச்சதைத் தவிர."

"டீக்கறை தெரியுதுடா," என்றார் மாமனார். கடையே சிரித்தது. பெஞ்சில் தாடியை நீவிக்கொண்டு காத்திருந்த தாடிக்காரரும் சிரித்தார்.

சித்தப்பா ஸ்டூலில் ஏறித் திரையை மாட்டினார். மாட்டிவிட்டு விலகி நின்று பார்த்தார். வரிசை வரிசையாக, ஒன்றுக்கொன்று பிசகாமல், கரை கட்டி நிறுத்தியதுபோல் நேராகத் தொங்கியது அது. "அண்ணே, இதையா நீ போட்டே? எனக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு, வேட்டி முடிச்சே நிக்கமாட்டேங்குது!"

"தொங்கவிட்டா நூல் தானாப் படிஞ்சிடும்டா," என்று விளக்கினார் மாமனார்.

மருமகள் வாசல் ஓரமாக நின்றாள். நூல் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். உள்ளே போகக் கால் வரவில்லை, வெளியே போகவும் மனம் வரவில்லை. அவள் கணவன் நாற்காலியில் சாய்ந்து, கழுத்துத் துணிக்குள் தலையை நீட்டினான். கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

மாமனார் பிரஷ்ஷால் நுரை போட்டார். மணிக்கட்டு சுழன்றது. பழைய சுழற்சிதான். நுரை பொங்கி மகனின் தாடையை மூடியது. புது பிளேடை மாட்டிக் கத்தியை விரித்தார்.

காது ஓரத்திலிருந்து முதல் இழுப்பு. சுத்தமாக வந்தது. சித்தப்பா சீட்டியடித்தார். இரண்டாவது இழுப்பும் சுத்தம். மருமகள் அதுவரை பிடித்திருந்த மூச்சை விட்டாள். ஒருவேளை கை நிஜமாகவே தேறிவிட்டதோ? ஒருவேளை தான் பயந்ததெல்லாம் வீணோ? காலையில் அவர் போட்டதை அவள் ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை. வந்ததும் அவிழ்ப்பதுதான் அவள் வேலை. அந்தக் கை எப்படி இருக்கிறது என்று சத்தியமாக அவளுக்குத் தெரியாது.

"தலையை நல்லா மேல தூக்குடா," என்றார் மாமனார்.

மகன் தலையைத் தூக்கினான். தொண்டை முழுசாக வெளிச்சத்துக்கு வந்தது. கத்தி தாடைக்குக் கீழே இறங்கியது. அப்போதுதான் மருமகள் அதைக் கண்டாள், அல்லது கண்டதாக நினைத்தாள். கத்தியைப் பிடித்த கையின் சுண்டுவிரல் நடுங்கியது.

"மாமா, வேண்டாம்!"

தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. "அது நீங்க போட்டதில்ல மாமா! நான் போட்டது! எல்லாமே நான் போட்டது!"

கத்தி துள்ளியது. வெள்ளை நுரையில் சிவப்பாக ஒரு கீறல் ஓடியது.

"ஐயையோ" என்று பாய்ந்து வந்தார் சித்தப்பா. துண்டை வைத்து அமுக்கினார், துடைத்தார், படிகாரக் கட்டியைத் தேய்த்தார். மகன் 'ஸ்ஸ்' என்று பல்லைக் கடித்தான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. மேல் தோல்தான். பயப்படும்படியா ஒண்ணுமில்ல."

மூலையில் ரேடியோ மட்டும் விளம்பரம் பாடிக்கொண்டிருந்தது. தாடிக்காரர் எழுந்து போய் அதை நிறுத்தினார்.

மாமனார் கத்தியை மடக்கி வைத்தார். "என்னம்மா சொன்னே?"

"முதல்ல ஒரே ஒரு வரிசைதான் மாமா. நீங்க சிரிச்சீங்க. அதனால..." அவளால் முடிக்க முடியவில்லை. "தினமும் மத்தியானம். நீங்க தூங்கினப்புறம்."

மாமனார் திரும்பித் திரையைப் பார்த்தார்.

பேசியது அவள் கணவன்தான். ஒரு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருக்க, கண்ணாடியில் அவளைப் பார்த்தபடியே கேட்டான். "நான் உக்கார்றதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே. மாடிப்படியில நின்னியே, அப்பச் சொல்லியிருக்கலாமே."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் கோபப்படவில்லை, கேட்டான், அவ்வளவுதான்.

"சித்தப்பா, மீதியை நீங்க முடிங்க," என்று கண்ணை மூடிக்கொண்டான்.

மாமனார் தானே ஸ்டூலில் ஏறினார். யாரையும் பிடிக்கவிடவில்லை. திரையைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"இவ்வளவு நாள் வளந்தது, இன்னும் ஒரு நாள் வளரட்டும்," என்றார் தாடிக்காரர் அவர் முதுகைப் பார்த்து. "நாளைக்குக் காலையில வர்றேன். நீதான் பண்ணணும்."



*

வழக்கமாகத் தெருவைக் கடக்கும் இடத்தில் மாமனார் நின்று, "வாம்மா" என்று கூப்பிட்டுச் சேர்த்துக் கடப்பார். இன்று நிற்கவில்லை. அவள் பத்தடி பின்னாலேயே வந்தாள். நெருங்கி நடக்கத் துணிவில்லை, விட்டுவிட்டு வேறெங்கும் போகவும் முடியவில்லை.

வீட்டில் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்துவிட்டார். அவள் சமையலறையில் நின்று அழுதாள். அழுகை நின்றபிறகும் அங்கேயே நின்றாள். அவர் தூங்குகிற நேரம் வந்தது. கட்டில் கிரீச்சிடும் சத்தம் வரவில்லை.

"வாம்மா." கூடத்திலிருந்து குரல் வந்தது. "இது உன் நேரம்தானே?"

போனாள். திரையை மறுபடி ஜன்னல் கம்பியில் மாட்டிவைத்து அதன் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் மாமனார். சட்டையின் பித்தான் இன்னும் ஓட்டை மாறியே இருந்தது.

"இதுல என்னோடது எது? காட்டு."

மருமகள் முழங்காலிட்டு உட்கார்ந்து தேடினாள். மேல் வரிசையில் தேடினாள், அது அவளுடையது. நடுவில் தேடினாள், அதுவும் அவளுடையது. ஓரத்தில் ஒரு முடிச்சு கொஞ்சம் தடித்திருந்தது, ஆசையோடு விரலை வைத்தாள். அது நூல் கடையில் கயிறு தீர்ந்தபோது அவள் ஒட்டுப்போட்ட இடம். கடைசி வரிசை வரை வந்துவிட்டாள்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"மன்னிச்சிடுங்க மாமா."

"ஏமாத்தினியே, அதுகூடப் பரவாயில்லம்மா. நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பே, எனக்குத் தெரியாதா?" அவர் குரல் உடைந்தது. "என் கை தேறிச்சா இல்லையான்னு எனக்கே தெரியாமப் பண்ணிட்டியே. எத்தனை நாளா நான் உன் கையைப் பாத்துக்கிட்டு என் கைன்னு நெனச்சிருக்கேன்!"

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னிக்குக் கத்தி துள்ளிச்சே, அது என் கையாலயா? நீ அலறினதாலயா?"

"தெரியல மாமா. சுண்டுவிரல் நடுங்கின மாதிரி இருந்துச்சு. நிஜமா நடுங்கிச்சான்னு... தெரியல."

"எனக்கும் தெரியல," என்றார் அவர். "நாளைக்குக் காலையில அந்த மனுசன் தாடியோட வந்து நிப்பாரு. நான் என்ன சொல்ல?"

அவர் குனிந்து கடைசி வரிசையை அவிழ்க்க ஆரம்பித்தார். இறுகப் போட்ட முடிச்சுகள், நகம் இறங்கவில்லை. அவள் உதவக் கை நீட்டினாள்.

"தொடாதே."

கையை இழுத்துக்கொண்டாள். அவர் ஒவ்வொன்றாக, மூச்சு வாங்க, அந்த வரிசை முழுவதையும் அவிழ்த்தார். நூல்கள் சுருள் சுருளாகத் தொங்கின. அவள் விரல்கள் மடியில் ஒன்றையொன்று நெருடிக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார்.

"கை துறுதுறுங்குதா?"

"ஆமாம் மாமா."

"அந்தக் கம்பைப் பிடிச்சுக்க. ரெண்டு கையாலயும். ஆடாமப் பிடி."

அவள் எழுந்து திரையின் இரண்டு பக்கமும் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாமனார் முதல் நாலு இழைகளைப் பிரித்தெடுத்தார். இரண்டை நடுவில் நிறுத்தினார். வலது இழையை மடக்கினார், இடதை அதற்குள் நுழைக்கப் பார்த்தார், நழுவியது. மறுபடி நுழைத்தார். கட்டைவிரல் உதறியது. உதட்டைக் கடித்துக்கொண்டார். வலதா இடதா என்று ஒருகணம் திகைத்து நின்றார். "இடது" என்று அவள் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினாள். இழுத்து இறுக்கினார்.

"எப்படி இருக்கு?"

தினமும் கேட்கிற கேள்வி. தினமும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறாள். அந்தப் பதில் இப்போதும் நுனிநாக்கில் வந்து தயாராக நின்றது. கீழே தெருக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கணவன் வந்துவிட்டான். படியில் ஏறிவரும் காலடி, ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல்.

"கோணலா இருக்கு மாமா."

மாமனார் நிமிர்ந்து பார்த்தார்.

"ரொம்பவா?"

கொஞ்சம்தான் என்று சொல்லிவிடலாம். சின்னப் பொய், யாருக்கு என்ன நஷ்டம்? இப்படித்தானே அன்றைக்கும் ஒரே ஒரு வரிசையில் ஆரம்பித்தது? கண்ணில் நீர் வழிய, துடைக்கக் கையை எடுக்காமல், கம்பைப் பிடித்தபடியே சொன்னாள்.

"ரொம்ப, மாமா."

அவர் தலையை ஆட்டினார். கோணல் முடிச்சை அவிழ்க்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த நாலு இழைகளைப் பிரித்தெடுத்தார்.

"சரி. அடுத்ததைப் பாத்துச் சொல்லு."